பியர்டட் டிராகன் குட்டி சாப்பிட மறுக்கிறது: எதிலிருந்து சரிபார்ப்பது?

மழைத்துளி

வணக்கம். பிறந்து ஆறு வாரமே ஆன பியர்டட் டிராகன் (தாடி ஓணான்) குட்டி ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது. மூக்கிலிருந்து வால் நுனிவரை 15 சென்டிமீட்டர், எடை 11 கிராம். வந்த அன்று இரண்டு புழுக்களை விழுங்கியது. அதற்குப் பிறகு உணவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கிறது. கையில் எடுத்தால் மட்டும் கண்ணைத் திறந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்கிறது.

இருப்பிடம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அடியில் மணல். வலையின் மேல் ஒரு வெப்ப விளக்கும், சுருள் வடிவ யுவிபி (ஒரு வகைப் புறஊதாக் கதிர்) விளக்கு ஒன்றும் இருக்கின்றன. இரவில் சிவப்பு விளக்கு எரிகிறது. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி 34 டிகிரி காட்டுகிறது. உணவு மீல்வார்ம் புழு. கால்சியம் தூளும் வாங்கிவிட்டேன்.

வாயைத் திறந்து ஊட்டலாமா? எத்தனை நாள் பொறுக்கலாம்?

பாறைமேல்பல்லி

ஊட்டாதீர்கள். குளிர்ந்த வயிற்றில் திணித்த புழு செரிக்காமல் அழுகும். மூச்சுக்குழலுக்குள் போனால் அதைவிட மோசம்.

புது இடத்துக்கு வந்த குட்டி சில நாள் சரியாகத் தின்னாமல் இருப்பது சாதாரணம். ஆனால் பகலில் கண்ணை மூடிக் கிடப்பது சாதாரணம் இல்லை. கையில் எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது என்கிறீர்களே, அதைப் பாசம் என்று எண்ண வேண்டாம். உங்கள் கைச்சூடு தொட்டியைவிட அதற்கு இதமாக இருக்கிறது. எனக்கு முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: அது வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு எத்தனை டிகிரி? கண்ணாடியின் வெப்பம் வேண்டாம், மரக்கட்டையின் வெப்பம் வேண்டும்.

அதுவரை கையில் எடுப்பதை நிறுத்துங்கள். முதல் வாரம் தண்ணீர், உணவு, சுத்தம் ஆகிய மூன்றுக்கு மட்டும் கை உள்ளே போகட்டும். தொட்டியின் மூன்று பக்கங்களைத் தாளால் மறைத்துவிடுங்கள். 11 கிராம் உயிருக்கு அறையில் நடமாடும் ஒவ்வொரு நிழலும் பருந்துதான்.

அளவுகோல்

அந்த வட்ட வெப்பமானியைக் கழற்றி எறியலாம். அது கண்ணாடியின் சூட்டையும் அதை ஒட்டிய காற்றின் சூட்டையும் கலந்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறது. வேண்டியவை இரண்டு. ஒன்று, கம்பி முனையில் உணரி உள்ள மின்னணு வெப்பமானி. அதன் முனை குளிர்ந்த பக்கத்தில், குட்டி நிற்கும் உயரத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது, அகச்சிவப்பு வெப்பமானி. விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து, குட்டி படுக்கும் கட்டையை நோக்கி அழுத்திப் பாருங்கள்.

வயதில் மிகச் சிறிய குட்டிக்கு வேண்டிய அளவுகள்: வெயில் காயும் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர்ப்புறக் குளிர்ந்த முனை 24 முதல் 27. இரவில் 20 அளவுக்கு இறங்கினாலும் கவலையில்லை. தொட்டி முழுவதும் 34 என்றால் அது மிகத் தவறான நிலை. செரிப்பதற்குப் போதிய சூடும் கிடைக்காது, தப்பிக்கக் குளிர்ச்சியும் இருக்காது.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த உயிருக்குச் சொந்தச் சூடு கிடையாது. குடலில் செரிமான நொதிகள் ஒழுங்காக இயங்குவதும், குடல் அசைவதும், நோய் எதிர்ப்பு வேலை செய்வதும் வெளியிலிருந்து பெறும் சூட்டைப் பொறுத்தவை. செரிக்க வழியில்லாத உடலுக்குப் பசி எடுக்காது. சாப்பிடாத குட்டிக்கு உணவை மாற்றி மாற்றி வைப்பதற்கு முன்னால் சூட்டை அளக்கவேண்டும் என்பதுதான் இங்கே நான் மீண்டும் மீண்டும் எழுதிவருவது.

சிவப்பு விளக்கை அணைத்துவிடுங்கள். இவற்றுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும். தலை உச்சியில் ஒளியை உணரும் மூன்றாவது கண் வேறு இருக்கிறது. இரவு இருட்டாக இருந்தால்தான் உறக்கம். அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் ஒளி தராத பீங்கான் வெப்ப உமிழியை வெப்பக் கட்டுப்படுத்தியோடு இணைத்துப் பயன்படுத்துங்கள். பகலுக்குச் சாதாரண வெள்ளை ஹாலஜன் விளக்கு போதும். சூடான பாறை என்ற பெயரில் வரும் மின்சாதனம் வேண்டாம். அடிவயிறு வெந்துபோன பல்லிகளின் படங்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

சாம்பல்வால்

புதியவரை இப்படிப் பயமுறுத்தவேண்டுமா? நான் பல ஆண்டுகளாகத் தாடி ஓணான் வளர்க்கிறேன். மணல்தான் போடுகிறேன். யுவிபி விளக்கே இல்லாமல், வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூளை மட்டும் தூவி வளர்த்த ஆண் ஒன்று இன்றும் திடமாக இருக்கிறது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் யார் இதற்கு வெப்பமானி பிடித்தார்கள்?

பாறைமேல்பல்லி

பாலைநிலத்தில் மேலே சூரியன் இருக்கிறது, ஐயா. அங்கே அது விரும்பிய கிளைக்கு ஏறும், வேண்டாம் என்றால் புதரடிக்குப் போகும். நாம் கொடுப்பது 90 சென்டிமீட்டர். அதோடு, அங்கே ஒரு முட்டையிடலில் இருபது குட்டிகள் வெளிவந்தால் எத்தனை பெரிதாகின்றன? பெரும்பாலானவை பறவைக்கும் பாம்புக்கும் போகின்றன. இயற்கையில் எல்லாம் நடக்கிறது என்ற வாதத்தைக் கூண்டுக்குள் கொண்டுவந்தால் அந்தச் சாவுக் கணக்கையும் சேர்த்துத்தான் கொண்டுவரவேண்டும்.

ஊர்வனமருத்துவர்

சாம்பல்வால் சொன்ன இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். இரண்டும் ஒரே எடை உள்ள விஷயங்கள் அல்ல.

முதலில் யுவிபி. தோலில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்புப் பொருள் யுவிபி பட்டு டி3-யின் முன்வடிவமாகிறது. உடற்சூடு அதை டி3 ஆக்குகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறி, குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவும் வடிவத்தை அடைகிறது. தூளில் உள்ள டி3 இந்த வேலையை ஓரளவு செய்யும். ஆனால் போதுமான அளவு செய்வதில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு இளம் பியர்டட் டிராகன்களிடமே நடத்தப்பட்டது. யுவிபி பெற்றவற்றின் இரத்தத்தில் டி3 சார்ந்த பொருள்களின் அளவு, வாய்வழியாக மட்டும் டி3 பெற்றவற்றைவிட மிகவும் கூடுதலாக இருந்தது. மேலும், வாய்வழி டி3 அளவு மீறினால் நஞ்சாகும். வெளிச்சத்தில் உருவாகும் டி3-க்கு உடலே வரம்பு வைத்துக்கொள்கிறது.

வளர்ந்த ஓணான் யுவிபி இன்றிச் சில காலம் தாக்குப்பிடிக்கலாம். குட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எலும்பு கட்டப்படும் வேகத்துக்குக் கால்சியம் வராவிட்டால் உடல் எலும்பிலிருந்தே அதை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும். கீழ்த்தாடை ரப்பர்போல் வளையும். விரல்கள் துடிக்கும், கால்கள் வளையும், முதுகிலும் வாலிலும் கோணல் விழும், மலம் தங்கும். வளைந்து இறுகிய எலும்பு பிறகு நேராவதில்லை. என் மேசைக்கு வரும் குட்டிகளில் நான் அதிகம் வருந்துவது இவற்றைப் பார்த்துத்தான். முழுவதும் தடுக்கக்கூடிய நோய் இது.

அடுத்தது மணல். மணல் தின்றால் குடல் அடைத்துச் சாகும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நீர்ச்சத்து குறையாமல், சரியான சூட்டில், கால்சியம் குறைவின்றி இருக்கும் விலங்கு சில மணற்துகள்களை வெளியே தள்ளிவிடும். அடைப்பு வருவது பெரும்பாலும் ஏற்கெனவே குளிர்ந்து, காய்ந்து, பலவீனமான குட்டிகளுக்கு. மழைத்துளியின் குட்டி இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனவே இப்போதைக்கு மணலை எடுத்துவிட்டு அச்சிடாத வெற்றுத்தாளோ சமையலறைக் காகிதத் துண்டோ விரியுங்கள். அதில் இன்னொரு வசதியும் உண்டு. மலம் வந்ததா, எப்படி வந்தது என்று தெரியும். கால்சியம் மணல் என்று பெயரிட்டு விற்பதை எந்த வயதிலும் வாங்கவேண்டாம். உணவென்று எண்ணி நக்கும்.

கண் மூடியிருப்பது பற்றி: குளிர், நீர்க்குறைவு, மணற்துகள், விளக்கு ஆகிய நான்கும் காரணமாகலாம். பக்கவாட்டிலிருந்து முகத்தில் அடிக்கும் யுவிபி கண்ணைக் கூசவைக்கும். மேலிருந்து வந்தால் புருவமேடு நிழல் தரும். கண் வீங்கியிருந்தாலோ நீர் வடிந்தாலோ இங்கே எழுதிக் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மழைத்துளி

அளந்துவிட்டேன். கட்டையின் மேற்பரப்பு 30 டிகிரி. மறுமுனை 27. இரவில் 22. கண்ணில் வீக்கம் இல்லை. மணலை எடுத்துத் தாள் விரித்தாயிற்று. யுவிபி விளக்கு வலைக்கு மேலேதான் இருக்கிறது, கட்டையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம். ஜன்னல் ஓரம் வெயில் நன்றாக வருகிறது. தொட்டியை அங்கே நகர்த்தினால் யுவிபி விளக்குச் செலவு மிச்சமாகுமா?

அளவுகோல்

30-க்கும் 27-க்கும் நடுவில் வெயில் காய என்ன இருக்கிறது! குட்டி சாப்பிடாததற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை.

ஜன்னல் வேண்டாம். கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். திறந்த வெயிலில் காட்ட விரும்பினால் நாற்புறமும் வலையுள்ள சிறு கூண்டில், பாதி நிழலோடு, நீங்கள் பக்கத்திலேயே இருந்து காட்டுங்கள்.

வெப்ப விளக்கைப் பெரிதாக்குவதற்கு முன் கட்டையை உயர்த்திப் பாருங்கள். சாய்வாக ஒரு கிளை வைத்தால் குட்டி தனக்கு வேண்டிய சூட்டை உயரத்தால் தேர்ந்துகொள்ளும். மேல்முனை 41-ஐத் தொடவேண்டும், ஆனால் விளக்கை எட்டித் தொடும் தூரத்தில் இருக்கக்கூடாது. மங்கலாக்கும் கட்டுப்பாடு ஒன்று இருந்தால் கோடையில் சிரமமில்லை. தொட்டியின் ஒரு முனை மட்டும் சுடவேண்டும் என்பதை மறக்காதீர்கள். விளக்கை நடுவில் வைத்தால் குளிர்ந்த பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

யுவிபிக்குச் சுருள் விளக்கு போதாது. சிறிய வட்டத்துக்குள் மட்டும் வீசுகிறது, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. டி5 (T5) வகைக் குழல்விளக்கு, யுவிபி 10 அல்லது 12 சதவீதம், தொட்டி நீளத்தில் பாதிக்குக் குறையாமல், வெப்ப விளக்கு இருக்கும் அதே பக்கத்தில், பிரதிபலிப்புத் தகட்டோடு. வலைக்கு அடியில் பொருத்தினால் முதுகுக்கு மேலே 30 முதல் 40 சென்டிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். வலைக்கு மேலே வைத்தால் கம்பியின் அடர்த்தியைப் பொறுத்துக் கணிசமான பகுதி வீணாகும், அதனால் இன்னும் நெருங்கவேண்டும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தூர அட்டவணை தருகிறார்கள், அதுதான் இறுதி. புறஊதாக் குறியீடு அளக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் வாங்கி அளந்துபாருங்கள். வெயில் காயும் இடத்தில் 3 முதல் 5 வரை இருந்தால் நிம்மதி. விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் தேய்ந்துவிடும். பொருத்திய தேதியை அதன் முனையில் எழுதி, ஓராண்டில் மாற்றிவிடுங்கள்.

நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் ஒளி. நேரங்காட்டியோடு இணைத்துவிட்டால் நீங்கள் தாமதமாக எழுந்தாலும் அதன் விடியல் தாமதமாகாது.

கீரைத்தோட்டம்

மழைத்துளி, விளக்கெல்லாம் தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள். நான் வயிற்றுப் பக்கம் வருகிறேன்.

மீல்வார்மை இப்போதைக்கு ஒதுக்குங்கள். கடினத் தோல், கொழுப்பு, இத்தனை சின்னக் குடலுக்கு அது சுமை. சிறிய கிரிக்கெட் பூச்சி, சிறிய டூபியா கரப்பான், கருப்பு சிப்பாய் ஈயின் புழு இவற்றில் கிடைப்பதைக் கொடுங்கள். சிப்பாய் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம். அளவு விஷயத்தில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். குட்டியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி கூடாது.

வேளை எத்தனை என்றால், இந்த வயதில் நாளுக்கு இரண்டு, மூன்று முறை. எண்ணிக் கொடுக்கவேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் விரும்பிய அளவு தின்னட்டும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டுவைத்த கிரிக்கெட் பூச்சி இரவில் குட்டியின் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். யார் யாரைத் தின்ன வந்தார்கள் என்பதே மாறிப்போகும். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் உடல் காய்ந்த பிறகு முதல் வேளை. விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கடைசி வேளை. செரிக்கச் சூடு வேண்டுமல்லவா.

பூச்சிக்கும் நல்ல சாப்பாடு போடுங்கள். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதற்குக் கீரை, கேரட், பூசணி கிடைக்கட்டும். பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடு. பிறகு ஒரு கிண்ணத்தில் கால்சியம் தூள் சிறிது போட்டுப் பூச்சிகளைக் குலுக்கி எடுங்கள். மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மாவில் புரட்டியதுபோல் இருந்தால் குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கீரையைக் குட்டி தொடாது. ஆனாலும் தினமும் வைக்கவேண்டும். கடுகுக்கீரை, டான்டிலியன் இலை, காலர்ட் கீரை இவற்றை மிகப் பொடியாக நறுக்கி, காலையில் பூச்சிக்கு முன்னால் வையுங்கள். பசலைக்கீரையைத் தினசரி உணவாக்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐஸ்பர்க் லெட்யூஸ் வெறும் தண்ணீர். அவகாடோ, ருபார்ப் இரண்டும் நஞ்சு. தோட்டத்தில் பிடித்த பூச்சியும் வேண்டாம், எந்த மருந்து தெளித்ததைத் தின்றதோ தெரியாது. மின்மினியை மட்டும் ஒருபோதும் கிட்டே விடாதீர்கள். ஒன்றே ஒன்று போதும், பெரிய ஓணானையே கொன்றுவிடும்.

மழைத்துளி

மிக்க நன்றி, அக்கா. கால்சியம் தூளில் டி3 கலந்தது, கலக்காதது என்று இரண்டு வகை இருக்கின்றன. எதை எப்போது?

பாறைமேல்பல்லி

இந்தக் கேள்விக்கு ஐந்து பேர் ஆறு பதில் சொல்வார்கள். நல்ல குழல்விளக்கு இருந்தால் டி3 இல்லாத வெறும் கால்சியத்தை நாள்தோறும் ஒரு வேளையாவது தூவுங்கள். டி3 கலந்ததும் பல்வைட்டமினும் (பல வைட்டமின்கள் கலந்த தூள்) வாரத்தில் ஓரிரு முறை. இது என் பழக்கம்.

ஊர்வனமருத்துவர்

எனக்கும் உடன்பாடுதான். ஒரு சிறு சேர்க்கை: பல்வைட்டமின் டப்பாவில் வைட்டமின் ஏ எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பீட்டா கரோட்டின் என்றால் பாதுகாப்பு கூடுதல். நேரடி வைட்டமின் ஏ மிகுந்தால் அதுவும் நோய் தரும். பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மொத்த உணவில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இந்தத் தூவல் எல்லாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அசையாத நீரைக் குட்டி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வையுங்கள், நக்கும். நிற்கும்வரை சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். வாய்க்குள் பீய்ச்சவேண்டாம். கண்கள் குழிவதும், சிறுநீரின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிக் கல்போல் கெட்டிப்படுவதும் நீர்க்குறைவின் அடையாளங்கள்.

சாம்பல்வால்

தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினால் தோல்வழியே நீர் ஏறும். இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

ஊர்வனமருத்துவர்

தோல்வழியே ஏறாது. குளிக்கும்போது சில ஓணான்கள் குடிக்கும், பயன் அவ்வளவே. மலம் தங்கியிருந்தாலோ உரிந்த தோல் ஒட்டிக்கொண்டாலோ குளியல் உதவும். நீர் தோளுக்குக் கீழே, ஏறக்குறைய 32 டிகிரி, நீங்கள் ஒரு கணமும் நகராமல். முடிந்ததும் நன்றாகத் துடைத்து விளக்கடியில் விடவேண்டும். ஏற்கெனவே மிரண்டிருக்கும் குட்டியை நாள்தோறும் நீரில் இறக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

பாறைமேல்பல்லி

நான் இதில் மருத்துவரோடு முழுதாக உடன்படவில்லை. நீரைப் பழக்கிக்கொண்ட குட்டிகள் பிறகு கையாள எளிதாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை செய்கிறேன், எந்தக் கேடும் வந்ததில்லை. ஆனால் மழைத்துளியின் குட்டிக்கு இப்போது வேண்டாம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

இரட்டைவால்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரே முட்டையிடலில் வந்த இரண்டு குட்டிகள் ஒரே கூண்டில் இருக்கின்றன. சண்டையே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு அவ்வளவு அன்பாக இருக்கின்றன. ஒன்று மற்றதைப் பார்த்துக் கையைச் சுழற்றி வணக்கம்கூடச் சொல்கிறது. மழைத்துளியும் துணைக்கு இன்னொன்று வாங்கினால் தைரியம் வந்து சாப்பிடுமே?

பாறைமேல்பல்லி

மேலே படுத்திருப்பது வெளிச்சத்தையும் சூட்டையும் பிடித்துக்கொண்டது. கீழே கிடப்பதற்கு இரண்டும் இல்லை. கையைச் சுழற்றுவது வணக்கம் அல்ல, "நான் சிறியவன், என்னை விட்டுவிடு" என்று மன்றாடுவது. இரண்டையும் எடைபோட்டுப் பாருங்கள். ஒன்று ஏறுமுகம், மற்றது அப்படியே நிற்கும்.

பசித்த குட்டிக்கு அசையும் எதுவும் பூச்சிதான். உடன்பிறந்ததன் விரலும் வால்நுனியும் அதில் அடக்கம். ஓணான் வால் வீட்டுப்பல்லியின் வால்போல் மறுபடி வளராது. இன்றே பிரியுங்கள். ஒன்றையொன்று பார்க்கமுடியாதபடி நடுவில் தடுப்பும் வையுங்கள். இவை தனியாக வாழும் பிராணிகள், துணையில்லை என்று ஏங்குவது நாம்தான்.

இரட்டைவால்

எடைபோட்டேன். ஒன்று 24 கிராம், மற்றது 13. இரண்டாவது கூண்டு தயாராகிறது. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று கொடுத்தவர் சொன்னார். வளர்ந்த பிறகாவது சேர்த்து வைக்கலாமா?

அளவுகோல்

கூடாது. ஆண் இடைவிடாமல் துரத்தும், பெண் முட்டையிட்டே ஓய்ந்துவிடும். அதோடு, இந்த வயதில் ஆண், பெண் என்று உறுதியாகச் சொல்லியவரை நான் நம்பமாட்டேன். வாலடி வீக்கம் தெளிவாகத் தெரிய மாதங்கள் ஆகும். இவற்றில் இன்னொரு விந்தையும் உண்டு. மரபணுப்படி ஆணாக இருக்கும் முட்டை மிகை வெப்பத்தில் அடைகாக்கப்பட்டால் முட்டையிடும் பெண்ணாகவே பொரிந்து வரும். காட்டிலும் இது நடக்கிறது என்று 2015இல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. சூடு இவற்றுக்கு எந்த அளவுக்குத் தலையெழுத்து என்று நான் சொன்னால் மட்டும் கறார் என்கிறீர்கள்.

மழைத்துளி

நல்ல செய்தி. கிளையைச் சாய்த்து வைத்து விளக்கை மாற்றியதில் மேல்முனை 41 டிகிரி வந்துவிட்டது. குழல்விளக்கை வலைக்கு அடியில் பொருத்தியாயிற்று. இரவில் முழு இருட்டு. அடுத்த நாளே கிளையின் உச்சிக்குப் போய் உடலைத் தட்டையாக்கிப் படுத்தது. இப்போது வேளைக்குப் பத்துக்குக் குறையாமல் கிரிக்கெட் பூச்சி போகிறது. எடை 14 கிராம். கீரைக் கிண்ணத்தை மிதித்துக்கொண்டு நடப்பதோடு சரி.

மூன்று சந்தேகங்கள். வாயைத் திறந்தபடி விளக்கடியில் அசையாமல் இருக்கிறது, மூச்சுத் திணறலா? வயிற்றில் கருங்கோடுகள் வருகின்றன, போகின்றன. முதுகுத் தோல் வெளுத்துத் திட்டுத்திட்டாக உரிகிறது, பிய்த்து உதவலாமா?

பாறைமேல்பல்லி

வாய் திறப்பது சூட்டை வெளியேற்ற. வெயில் காயும்போது மட்டும் என்றால் நல்ல அறிகுறி. குளிர்ந்த பக்கத்திலும் வாயைத் திறந்திருந்தாலோ, சளிக்குமிழி, சத்தம் இருந்தாலோ நுரையீரல் கோளாறு. வயிற்றுக் கோடுகள் குளிரிலும் மிரட்சியிலும் வரும். சூடேறியதும் மறைந்தால் விட்டுவிடுங்கள்.

தோலைப் பிய்க்காதீர்கள். வளரும் குட்டி அடிக்கடி உரிக்கும். சொரசொரப்பான கட்டை இருந்தால் தானே தேய்த்துக்கொள்ளும். விரல்களையும் வால்நுனியையும் மட்டும் ஒவ்வொரு முறையும் கவனித்துப் பாருங்கள். அங்கே பழைய தோல் வளையமாகத் தங்கினால் இறுகி இரத்தத்தை நிறுத்தும், நுனி கறுத்து உதிரும். ஈரப்பஞ்சால் நனைத்து இளக்குங்கள்.

ஊர்வனமருத்துவர்

எடை ஏறியது மகிழ்ச்சி. வாரந்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். இந்த வயதில் எடை ஒரே இடத்தில் நிற்பதும் எச்சரிக்கைதான்.

சாப்பிடத் தொடங்கிவிட்டது என்பதற்காக மருத்துவரைத் தவிர்க்கவேண்டாம். புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் சென்று சோதியுங்கள். குட்டிகளில் காக்சிடியா என்ற நுண்ணுயிர் பரவலாக இருக்கும். சிறிய எண்ணிக்கை தொல்லை தராது, நெரிசலிலும் அழுக்கிலும் பெருகினால் துர்நாற்றத்தோடு நீர்மலம் போகும், குட்டி மெலியும். மருந்து உண்டு. ஆனால் மருந்தோடு தினசரிக் கூண்டுச் சுத்தமும் சேர்ந்தால்தான் தீரும். அடினோவைரஸ் என்ற ஒன்றும் இருக்கிறது, அதற்கு மருந்து இல்லை. வளராமல் நிற்கும், தலை சாயும் குட்டிகளில் சந்தேகப்படவேண்டும். ஆரோக்கியமாகத் தோன்றும் பெரிய ஓணானும் அதைச் சுமந்து திரியலாம். அதனால் புதிதாக வரும் எதையும் பழையவற்றோடு சேர்க்காமல், தனிப் பாத்திரம், தனி இடுக்கியோடு மாதக்கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா இருக்கலாம். தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுங்கள். தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இது கண்டிப்பு. முத்தம் கொடுத்துப் படம் எடுப்பவர்களும் படித்துக்கொள்ளவும்.

மழைத்துளி

மலச்சோதனை முடிந்தது. ஊசிப்புழு முட்டைகள் சில தெரிந்தன, இப்போதைக்கு மருந்து வேண்டாம், சில வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கேட்க மறந்தது: மின்சாரம் பல மணி நேரம் நின்றால் என்ன செய்வது?

கீரைத்தோட்டம்

அறை 20 டிகிரி அளவில் இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, தூங்கும். அதற்கும் கீழே இறங்கினால் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு ஓரமாக வையுங்கள், நகர்ந்து போக இடம் இருக்கட்டும். சூடு திரும்பும்வரை உணவு கொடுக்கவேண்டாம். அப்போதுதான் தின்று முடித்திருந்தால் முதலில் சூட்டுக்கு வழி பாருங்கள்.

கீரையை மிதிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஓராண்டு நெருங்கும்போது பூச்சி குறைந்து கீரை பெரும்பங்காக மாறவேண்டும். அந்தக் கிண்ணம் அன்றாடம் கண்ணில் பட்டுவந்த குட்டிதான் அப்போது மல்லுக்கு நிற்காது. பூச்சிகளைக் கீரைமேல் விட்டுப் பாருங்கள், கவ்வும்போது இலையும் வாய்க்குள் போகும்.

அளவுகோல்

இன்னொன்று: இந்தத் தொட்டி சில மாதங்களுக்குத்தான். முழு வளர்ச்சியில் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை போகும், அப்போது 120க்கு 60க்கு 60 குறைந்த அளவு. பத்து ஆண்டு உடன் இருக்கப்போகிற உயிர். முன்பக்கம் திறக்கும் கூண்டாகத் தேடுங்கள். மேலிருந்து கை இறங்கினால் இரைப்பறவை வந்ததாகவே நினைக்கும்.

சாம்பல்வால்

அளவுகோல், 60 சென்டிமீட்டர் உயரக் கூண்டு, வலை இல்லை, படுக்கும் பலகை தரையிலிருந்து 20 சென்டிமீட்டர். இதற்கு 10 சதவீதமா, 12 சதவீதமா? வேறொருவருக்காகக் கேட்கிறேன்.

அளவுகோல்

கூரைக்கும் பலகைக்கும் 40 சென்டிமீட்டர். குழல், முதுகு இரண்டின் கனத்தைக் கழித்தால் 35 வரும். 12 சதவீதம், பிரதிபலிப்புத் தகட்டோடு. அந்த வேறொருவரின் ஓணான் இதுவரை யுவிபியே பார்த்ததில்லை என்றால் முதல் சில வாரம் ஒளி நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும்.